தண்ணி மாத்திரையும் பால் குடமும்

என் அக்காளுக்கு முதலில் இரத்தக் கொதிப்பு வந்தது, பிறகு மீசை வந்தது. கேலிக்குச் சொல்லவில்லை. கொதிப்பைக் குறைக்கக் கொடுத்த மாத்திரைதான் மீசையையும் கொடுத்தது.

அத்தான் இறந்த பிறகு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காள் பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான் டவுனில் ஒரு பார்சல் அலுவலகத்தின் கவுண்டரில் உட்காருகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உன் வாய்க்கு எவன் வருவான் என்பாள் அக்காள். எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். அவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் பசித்தாலும் வாயை மூடிக்கொண்டு படுத்துவிடுகிற பிள்ளை.

ஏற்கெனவே பல மாத்திரைகள் சாப்பிட்டும் அவளுக்குக் கொதிப்பு இறங்கவே இல்லை. ஒருநாள் தொழிற்சாலையில் தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தியும் எடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அளந்து பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று இன்னொரு மெஷினைக் கொண்டுவந்தார். அதுவும் அதையேதான் சொன்னது. அக்காளைக் கட்டிலில் படுக்க வைத்து ஓயாமல் பார்த்துக்கொண்டார்கள். நான் வெளியே நின்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

கொதிப்பு ஒருவாறு கட்டுக்குள் வந்தபோது புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்த்தார்கள். மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்குக் கொடுக்கிற வீரியமான மாத்திரையாம். அதற்குத் துணையாக இரண்டு: இதயம் படபடக்காமல் இருக்க ஒன்று, உடம்பில் நீர் கோக்காமல் சிறுநீராக வெளியேற்ற ஒன்று. பின்னதை அக்காள் 'தண்ணி மாத்திரை' என்பாள். மலாய்க்கார டாக்டரம்மா பொறுமையாகவே விளக்கினார். தினமும் காலையில் எடை பாருங்கள், படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள், எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். கடைசியாக, முகத்திலும் கையிலும் முடி வளரும், பயப்பட வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அதுவரை சொன்னதெல்லாம் பறந்துபோய், எங்கள் இருவர் காதிலும் முடி மட்டும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில், "மீசை வந்தா வரட்டும்டி. மூச்சு நிக்காம இருந்தா போதும்," என்றாள். அப்போதே இன்னொன்றும் சொன்னாள். உயிரோடு வீடு திரும்பினால் தைப்பூசத்துக்குப் பால் குடம் எடுப்பதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வேண்டியிருந்தாளாம்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கொதிப்பு இறங்கியது, சொன்னபடி முடியும் வந்தது. முதலில் புருவம் அடர்ந்தது. பிறகு கன்னத்தில் பூனை மயிர். அப்புறம் மேலுதட்டில் நிழல். தொழிற்சாலையில் ஒருத்தி, "என்னா அக்கா, அண்ணன் மாரி ஆயிட்டிங்க," என்று சிரித்தாளாம். அக்காளும் கூடச் சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை சன்னல் பக்கம் உட்காரவைத்து, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நானே முடி எடுத்துவிடுவேன். கண்ணீர் தானாக வழியும். "வலிக்குதா?" என்று கேட்டால், "சும்மா செய்லா," என்பாள். அந்த முகத்தை அவ்வளவு நெருக்கத்தில் அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவளை அப்படிப் பிடிக்கும் என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது.

இந்த முடிக்காக மாத்திரையை நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதனால் அந்த வீரிய மாத்திரையை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவளும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நான் காவல் காத்ததென்னவோ வாசல் கதவைத்தான். திருடன் சமையலறை வழியாக வந்தான்.

தைப்பூச விரதம் தொடங்கியது. வீட்டில் கவிச்சி கிடையாது. அக்காள் பாயில் படுத்தாள், வேளாவேளைக்குக் குளித்தாள், முகம் தெளிந்து நன்றாகவே இருந்தாள். பூசம் நெருங்க நெருங்க முகம் கொஞ்சம் பூரித்ததுபோல் தெரிந்தது. விரதக் களை என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஒருநாள், செருப்பு போடும்போது வார் காலுக்குப் பற்றவில்லை. பாயில் படுக்காமல் சோபாவில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். கேட்டால் முதுகுவலி என்றாள்.

எனக்கு ஊறுகாய் மேல் சந்தேகம் வந்தது. விரதச் சாப்பாடு என்றால் எங்கள் வீட்டில் அப்பளமும் ஊறுகாயும்தான் ராஜாங்கம். உப்புதான் உடம்பைத் தூக்குகிறது என்று முடிவு கட்டி, மாங்காய் ஊறுகாயைப் பாட்டிலோடு குப்பையில் போட்டேன். அப்பளக் கட்டையும் போட்டேன். அக்காள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊறுகாயைத் தொட்டால் சண்டைக்கு வருகிறவள் அவள்.

பூசத்துக்கு முதல் நாள் நான் அரைநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது, பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி, வாயால் மூச்சு வாங்கினாள். நான் எடைக் கருவியைத் தேடினேன். குளியலறையில் காணோம். சோபாவுக்கு அடியில் கிடந்தது. கையைப் பிடித்து இழுத்து அவளை அதன்மேல் ஏற்றினேன். முள் அவளுடைய வழக்கமான எடையைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது.

"என்னா செஞ்ச? உண்மைய சொல்லு."

எடைக் கருவியிலிருந்து இறங்கினாள். பிறகு, "தண்ணி மாத்திரைய நிறுத்திட்டேன்," என்றாள். "அந்தப் பெரிய மாத்திரைய எல்லாம் ஒழுங்கா போடுறேன்டி. இது ஒண்ணுதான்."

"ஏன்?"

"குடத்த கீழ வெக்கக் கூடாது இல்ல?" என்றாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: "அந்த மாத்திரைய போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. தலைல பால் குடத்த வெச்சிக்கிட்டு நடு ரோட்டுல நான் எங்க போறது? அதான், உடம்ப இப்பவே பழக்கிக்கலாம்னு."

தொழிற்சாலையில்கூட அவள் சமாளித்தாள். தூசு நுழையாத அறையில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதைச் சகித்துக்கொண்டு மாத்திரையை விடாமல் சாப்பிட்டவள்தான். சாமி காரியம் என்று வந்ததும், தன் உடம்பால் குடத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்துவிட்டாள். வீரிய மாத்திரைதான் மருந்து, மற்றது சும்மா துணைக்கு என்பது அவள் கணக்கு.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு," என்றேன்.

"நாளைக்குக் குடத்த செலுத்திட்டு நேரா அங்க வரேன்டி. ஒரு நாள்தான."

"நாளைக்கு நீ இருந்தாத்தான!"

அக்காள் குடத்தைக் கழுவித் துணியால் துடைத்துச் சாமி மேடையில் வைத்தாள். ஈரக் கையோடு வந்து கிளம்பலாம் என்றாள்.

தேர் வருவதால் பாதிச் சாலைகளை அடைத்திருந்தார்கள். வாடகைக் கார்க்காரர் சுற்றிச் சுற்றிப் போனார். தூரத்தில் உறுமி கேட்ட பக்கமாக அக்காள் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டே கும்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. முருகன்மேல் காட்டலாம் என்றால், அவளே அவன் கையில்தான் இருக்கிறாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் நீர் ஏறியிருந்தது, இதயத்தைச் சுற்றியும் நீர். இன்னும் இரண்டொரு நாள் விட்டிருந்தால் இதயம் துடிக்க இடமில்லாமல் போயிருக்கும் என்றார் அதே டாக்டரம்மா. அந்த வீரிய மாத்திரை இரத்தக் குழாய்களை நன்றாக விரித்துவிடுமாம். அப்போது உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வெளியேற்றத்தான் தண்ணி மாத்திரை. ஒன்றை மட்டும் சாப்பிட்டு இன்னொன்றை விட்டால் பாதி நன்மையாவது கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. தீமைதான் செய்யும் என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை போலிருந்திருக்கும். அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோயிலுக்குப் போகிற நாளில் என்ன செய்யலாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, காக்கா," என்றார். காக்கா என்றால் மலாய் மொழியில் அக்கா. அவருக்கும் இவள் அக்கா ஆகிவிட்டாள்.

ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். பூசத்தன்று ஊரே முருகனின் மலைக்கோயிலில் இருக்க, அக்காள் வார்டில் சன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். காலையில் இட்லி கொண்டுபோனேன். தொடவில்லை. திடீரென்று, "சாமி கோச்சிக்குமா?" என்று கேட்டு அழுதாள். எங்கள் அம்மா சாவில்கூட அவள் சத்தமாக அழுது நான் பார்த்ததில்லை. "நான்தான் கோச்சிப்பேன். சாமிக்கு வேற வேல இல்லயா?" என்றேன்.

கொதிப்பு பார்க்க வந்த தமிழ் மிஸ்ஸி கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஏன்கா, குடத்த கீழ தான வெக்கக் கூடாது? கை மாத்திக்கலாமே," என்றார். "நான் வருசா வருசம் எடுக்கிறேன். நமக்கு முடியலன்னா விரதம் இருக்கிற யாராவது வாங்கி வெச்சிக்குவாங்க. எனக்கு என் தங்கச்சி வெச்சிக்குவா."

அக்காள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் பூசத்துக்குப் போகிறவள், இதை ஒருவரிடமும் கேட்டதில்லை. டாக்டரிடமும் கேட்கவில்லை, கோயிலிலும் கேட்கவில்லை, பக்கத்து அறையில் படுத்திருக்கும் என்னிடமும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் தட்டை இழுத்து இட்லியைப் பிட்டாள்.

பங்குனி உத்திரத்துக்கு முன் ஸ்கேனில் நீர் வற்றிவிட்டது தெரிந்தது. இந்த முறை, உத்திரத்துக்குப் பால் குடம் எடுக்கலாமா என்று அக்காள் வாயைத் திறந்து கேட்டாள். மலைப்படி வேண்டாம், பக்கத்துக் கோயிலுக்கு மெதுவாக நடந்து போகலாம், ஆனால் ஒரு மாத்திரைகூட மாறக் கூடாது, நேரமும் மாறக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஆகவே விரதம் என் தலையிலும் விழுந்தது. குடத்தை வாங்குகிற கை சுத்தமாக இருக்க வேண்டுமே. கோழி இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத எனக்கு அது பெரிய தவம். அலுவலகத்தில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

அன்று காலை அக்காள் மூன்று மாத்திரைகளையும் விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள். குடத்தில் பால் ஊற்றி மஞ்சள் துணி கட்டித் தலையில் ஏற்றினார்கள். மஞ்சள் சேலைக்காரிகள் வரிசையாக நடந்தோம். பாதி வழியில் அக்காள் என் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எதிரே ஒரு பெட்ரோல் நிலையம் இருந்தது. "புடி," என்றாள். குடத்தை என் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாதஸ்வரமும் கூட்டமும் முன்னால் போய்விட்டன. எண்ணெய் போட வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். வெறுங்காலில் தார் சுட்டது. அக்காள் வரவில்லை. உள்ளே வரிசை இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சட்டென்று எழுந்திருப்பாளோ, தலை சுற்றியிருக்குமோ, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்து கிடப்பாளோ என்று நினைப்பு ஓடியது. ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியாது, குடத்தை வைக்கவும் முடியாது. சாமி கும்பிடாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற நான், அந்த இடத்தில் நின்று, அவளை மட்டும் அனுப்பிவிடு, வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையைச் சரிசெய்தபடி, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். வழியில் ஒரு காருக்கு நின்று வழிவிட்டாள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் குடத்தில் இருந்தன.

"என்னாடி, பாரமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அக்காள் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.