டீ நேரத்தில் அணைக்காத கணினி

நானும் என் கூட்டாளியும் கல்லூரியில் ஒரே பெஞ்சு வரிசை. வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். மொத்த அலுவலகமே இரண்டு பேர்தான், சண்டை போடுவதற்கும் அதே இரண்டு பேர்தான்.

கங்கைகொண்டான் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எங்களை நம்பி ஒரு வேலையைச் சொன்னார். ஓடுகிற அரிசியைக் கேமரா படம் பிடிக்கும். கறுப்பு மணி எதுவென்று எங்கள் நிரல் சொல்ல வேண்டும், உடனே காற்றுக்குழாய் அதை ஊதித் தள்ளிவிடும். பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதினோம். எழுத சுகம், ஆனால் ஆமை வேகம். அரிசி அதற்காகக் காத்து நிற்குமா?

"ஏட்டி, சி-யில எழுதி உள்ள சொருவிருவோம்" என்றான் அவன். பைத்தானில் இல்லாத ஒரு புது வகைப் பொருளை, ‘மணி’ என்று பெயர் வைத்து, வேகத்துக்குப் பேர்போன சி மொழியில் நாங்களே வரையறுத்தோம். ஒவ்வொரு மணியும் தன் படத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கும். அப்படி ஒரு பொருள் எப்படிப் பிறக்க வேண்டும், எப்படிச் சாக வேண்டும் என்பதைக்கூட எழுதுகிறவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறப்பை நான் எழுதினேன், சாவை அவன் எழுதினான். பைத்தான் அதைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரி ஏற்றுக்கொண்டதும் நான் அறைக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டேன். வேகமென்றால் அப்படி ஒரு வேகம்!

அண்ணாச்சி ஒரு நாள் சோதனை வைத்தார். சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடினால் வேலை எங்களுக்கு. இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். பெங்களூர் கம்பெனி ஒன்று எனக்கு வேலை தருவதாகச் சொல்லி, அன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தது. எனக்கோ போகவே பிடிக்கவில்லை. சேரன்மகாதேவியில் ஆற்றில் முங்கி எழுந்து, ஈரத்தலையோடு பஸ் ஏறுகிறவள் நான். வாளித் தண்ணீரில் குளிக்க நான் என்ன பாவம் செய்தேன்?

மத்தியானத்துக்கு முன்னாலேயே நிரல் திணறியது. கறுப்பு மணியெல்லாம் ஜாலியாக மூட்டைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் நிரல் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பார்த்தால், கணினியின் நினைவகம் நிரம்பி வழிகிறது.

"என்னம்மா, நின்னுட்டு?" என்றார் அண்ணாச்சி. "பைய பாருங்க, நான் சாப்புட்டு வாரேன். மறுபடி ஓட்டுவோம். இனி நின்னா சரிப்படாது, பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, நம்ம ரூம்ல ஒரு நாளும் இப்பிடி ஆகலியே!"

அவன் தலையைச் சொறிந்தான். "ரூம்ல டீக்குப் போகும்போதெல்லாம் நான் அணைச்சிருவேம்லா."

அடக் கொடுமையே! அவன் கடற்கரைக்காரன். வலை இறக்கியதும் படகு எஞ்சினை நிறுத்துகிற வீடு, டீசல் வீணாகக் கூடாதே. அந்தப் பழக்கத்தில் நாற்காலியை விட்டு எழுந்தாலே கணினியை அணைத்துவிடுவான். நாங்கள் டீ குடிப்பதற்கோ அளவே கிடையாது. அணைக்கிறபோதெல்லாம் நினைவகமும் காலியாகிவிடும். எங்கள் நிரல் ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவில்தான் உயிரோடு இருந்திருக்கிறது!

"நீ எழுதுன சாவைக் காட்டுலே" என்று வாங்கிப் பார்த்தேன். மணி சாகும்போது தன் இடத்தைக் காலி செய்தது, பிடித்திருந்த படத்தை மட்டும் விடவில்லை. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லோரும் விட்டால்தான் அதைத் தூக்கிப் போடும். இங்கே செத்த மணிகளின் படங்களெல்லாம் இன்னும் யாரோ பிடித்திருக்கும் கணக்கில் உள்ளே குவிந்து கிடந்தன.

"ஒரு வரிதானட்டி விட்டுப் போச்சு" என்றான் சன்னமாக.

"அந்த ஒரு வரி என்னையப் பெங்களூருக்கு மூட்டை கட்டப் பாத்துச்சுலே!"

திட்டிக்கொண்டே வரியைச் சேர்த்தேன். அவன் சோறு தண்ணி இல்லாமல் பக்கத்தில் நின்று சரிபார்த்தான். அண்ணாச்சி வந்ததும் மறுபடி ஓட்டினோம். நினைவக அளவைக் காட்டும் கோடு ஏறவே இல்லை. ஆனாலும் அதை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி ஒரு கை அரிசியை அள்ளி, விரலால் கிண்டிப் பார்த்தார். ஒரு கறுப்பு மணிகூட இல்லை.

"நாளைக்கு யாரு வந்து பாப்பிய?" என்றார்.

"நாந்தான் வருவேன், அண்ணாச்சி!" என்றேன்.

வெளியே வந்து பெங்களூருக்குப் போன் போட்டு, வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். நாளைக்குக் காலையில் எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.