முளைக்காததற்கு எட்டுக் கிழமை

கொழும்பில் என் மனைவிக்கு எடுத்த எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேல்மூலையில் சின்னதாக ஒரு நிழல். கனடா விசாவுக்கான மருத்துவச் சோதனை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் பதினோராம் மாடி அப்பார்ட்மெண்டில், அவளுக்கு வாங்கிய குளிர் ஜாக்கெட்டை அலமாரியில் மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். கொழும்புக்குப் போய்க் கல்யாணம் கட்டி, ஒன்றாக இருந்தது இருபத்திரண்டு நாள்தான்.

காசநோயா என்று அறிய, சளியில் கிருமி முளைக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். ஊரில் உயிரியல் படிப்பித்த எனக்கு அந்தக் கிருமியைத் தெரியும். சில கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இது மெழுகுப் போர்வையைப் போர்த்துக்கொண்டு, இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். ஒன்றும் முளைக்கவில்லை என்று சொல்வதற்கே எட்டுக் கிழமை, இரண்டு மாதமளவில், பார்த்திருக்க வேண்டும். கரும்பலகையில் இதை எழுதியபோது ஒரு கிழமை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

சளி கொடுப்பதற்கு முதல்நாள் தொலைபேசியில் கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, விடிய எழும்பின உடனை வாற சளிதான் வேணுமாம். பல்லு விளக்காமல் என்னெண்டு அங்கை போய் நிக்கிறது?”

“விளக்கிப்போட்டுப் போம். அதாலை ஒண்டும் இல்லை,” என்றேன்.

எங்கள் ஆட்கள் பல் விளக்குவதென்றால் நாக்கு வழித்து, தொண்டை அதிரக் காறித் துப்பித்தான் முடிப்பார்கள். அந்த இருபத்திரண்டு நாளும் அவளுடைய காறலில் நித்திரை குழம்பி எரிச்சல்பட்டவன் நான். சளி கொடுக்கப் போன அன்றும் அவள் அப்படியே விளக்கியதில், இரவு முழுதும் நெஞ்சில் சேர்ந்த சளி தண்ணீரோடு போய்விட்டது. சோதனைக்குக் கொடுத்த போத்தலில் இருந்தது வெறும் எச்சில், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆறாம் கிழமை அறிவித்தார்கள். படிப்பித்த வாத்தியாரின் மூளை எங்கே போயிற்றோ. அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். தொலைபேசியில் கேட்கும் குரல் மட்டும் போதாமல் போன நாட்கள் அவை. வேலையால் வந்து, அந்த ஜாக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சொல்ல வெட்கம்தான்.

இரண்டாம் முறை ஒன்றும் முளைக்கவில்லை. மாசிக் குளிரில் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் விடியக் குளியலறைக்குள் நாக்கு வழிக்கும் சத்தம், பிறகு காறல். நான் எழும்பிப்போய்க் கதவடியில் நின்றேன்.

“என்னப்பா, அவசரமோ?” என்றாள் உள்ளேயிருந்து.

“இல்லை,” என்றேன். “நீர் ஆறுதலாய் விளக்கும்.”