முதலில் பாடியவள்

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு வண்ணார்பேட்டைப் பக்கம் தலைகாட்டவே பிடிக்காது. டீக்கடை, மினி பஸ், செல்போன் கடை, எங்கே பார்த்தாலும் பண்பலையில் அந்த ஒரே பாட்டுதான். தாய்வீட்டிலிருந்து ஆடிக்கு அழைக்க ஆள் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற புதுப்பெண்ணின் பாட்டு. பாடுகிறவரோ பெரிய பாடகர். நல்ல குரல், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஆம்பளைக்கு என்ன வே ஆடி அழைப்பு?

அந்தப் பாட்டை முதலில் பாடியது என் மனைவி. இதை யாரிடமாவது சொன்னால், "அப்படியா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பாட்டுக் கட்டுவார். அந்தக் காலத்து வானொலியில் மெல்லிசை என்று உள்ளூர்க்காரர்களைப் பாடவைத்துப் பதிவு செய்து போடுவார்கள். அதற்காக அவர் எழுதியது இது. என் மனைவிக்குச் சொந்த ஊர் முக்கூடல். குரல் தேர்வில் தேறியிருந்தாள். அந்த வருஷம் அவளுக்கே தலை ஆடி, அதனால் பாட்டு அவளுக்குத்தான் என்று நண்பர் முடிவு செய்துவிட்டார்.

பதிவு அன்று ஒரு கலாட்டா. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். மைக்கில் சத்தம் விழுகிறது, கழற்றி வையுங்கள் என்றார் பதிவு செய்கிறவர். இவள் முடியாது என்றுவிட்டாள். என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கையில நான் எதுக்கு வெறுங்கையா நிக்கணும்? பாட்டே வேண்டாம், வாங்க போவோம்" என்றாள். கடைசியில் என் கைக்குட்டையையும் நண்பரின் துண்டையும் வாங்கி இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிக் கட்டினார்கள். அடிபட்டவள் மாதிரி கட்டோடு நின்று பாடினாள். அப்படியும் ஓர் இடத்தில் வளையல் லேசாகச் சிணுங்கிவிட்டது. எடுத்தது எடுத்ததுதான் என்று விட்டுவிட்டார்கள்.

சில வருஷம் வானொலியில் அவள் பாட்டு வந்தது. வரும்போதெல்லாம் நான் சத்தத்தைக் கூட்டுவேன். அவள் அடுக்களையிலிருந்து, "யாரோ சளி பிடிச்சவ பாடுதா, பைய வைங்க" என்பாள். அப்புறம் அந்தப் பெரிய பாடகர் இதே பாட்டைப் பாடி கேசட் போட்டார். வயலினும் புல்லாங்குழலுமாகப் பிரமாதப்படுத்தியிருந்தார்கள். வரிக்கு வரி கடைசிச் சொல்லை இழுத்து, வளைத்து, கீழே இறக்கிக் கொண்டுவந்து விடுவார். ஊரே மயங்கிப்போனது. வானொலியும் அதையே போட ஆரம்பித்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு ஒன்றுமே இல்லை. "நல்லாத்தான பாடுதாரு. நீங்க எதுக்குக் கெடந்து துள்ளுதிய?" என்று சிரித்தாள்.

அவள் பாடியதை நாங்கள் டேப்பில் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு? ஆள்தான் வீட்டிலேயே இருந்தாளே. கேட்டால் பாடுவாள். அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்தேனே தவிர, கேட்டதும் குறைவு.

போன ஐப்பசியில் போய்விட்டாள். பையன் பெங்களூரில் இருக்கிறான், காரியம் முடிந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். இப்போது சாயங்காலமானால் வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. டிவியில் செய்தி வாசிக்கிறவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் பையன் வாட்ஸ்அப்பில், "அப்பா, அம்மா பாட்டு" என்று ஒன்றை அனுப்பியிருந்தான். ஆசையாகத் திறந்தால் அந்தப் பெரிய பாடகர் பாடுகிறார். பையனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் காது அறிந்தது அதைத்தான்.

அவள் குரலை ஒரேயொரு தடவை கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. பாட்டு முழுசாகக்கூட வேண்டாம். வானொலி நிலையத்துக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனிதர், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அப்ப டேப்புக்குப் பஞ்சம் ஐயா. ஒண்ணை அழிச்சிட்டுத்தான் அது மேல இன்னொண்ணைப் பதிவாங்க. இங்கன அந்தக் கால மெல்லிசை ஒண்ணும் மிஞ்சல" என்றார். அவள் மேல் எதைப் பதிந்தார்களோ. நெல்லுக்கு உரம் போடுகிற பேச்சாக இருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இந்த ஆடியில் பொறுக்கமாட்டாமல் பண்பலையின் நேயர் விருப்பத்துக்குப் போன் போட்டேன். நிகழ்ச்சி நடத்துகிற பெண் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டது. சொன்னேன். "சூப்பர் ஐயா, இப்பவே போட்டுடலாம்" என்றது.

"அது வேண்டாம்மா. அதுக்கு முந்தி ஒரு பொம்பளை பாடினது. என் வீட்டுக்காரி. அது உங்ககிட்ட இருக்காது. இப்படி ஒருத்தி முதல்ல பாடினான்னு ஊருக்கு ஒருதரம் சொல்லணும், அதுக்குத்தான் பேசுதேன்."

அந்தப் பெண் குரலை இறக்கி, "அப்போ நீங்களே ரெண்டு வரி பாடுங்க ஐயா. அம்மா எப்படிப் பாடினாங்களோ அப்படியே" என்றது.

டேப் போனால் போகட்டும், நான் இருக்கிறேனே. அவள் இழுக்கமாட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி விறுவிறு என்று போவாள், வரி முடிந்ததும் வெடுக்கென்று நிறுத்துவாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் வரியின் கடைசிச் சொல் என் வாயில் நீண்டது. வளைந்தது. கீழே இறங்கியது. பொறுங்கம்மா என்று சொல்லிவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே வளைவு. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. வாய் அசைந்தது. சத்தம் அவருடையது.

எத்தனை வருஷமாக டீக்கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் திட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"அருமை ஐயா. அப்படியே ஒரிஜினல் மாதிரியே பாடுறீங்க" என்றது அந்தப் பெண். மனசாரத்தான் சொன்னது. நன்றிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, ஒருத்தர் காதிலும் விழாமல், மெல்ல இன்னொரு தடவை பாடிப் பார்த்தேன். அவர்தான் வந்தார்.