பெர்சிஸ் கடையில் பால் திரிந்த கதை

பெர்சிஸைப் பிடிக்காதவர்கள் பாளையங்கோட்டையில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் முதல் ஆள் அவளைப் பெற்றவர்.

அருமைநாயகம் சார்வாள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகள் தைவானுக்கு ஆராய்ச்சி படிக்கப் போன வாரமே ‘டாக்டர் பெர்சிஸ்’ என்று தகரத்தில் பெயர்ப்பலகை எழுதி வாங்கி வைத்துவிட்டார். மகளோ அங்கே ஆய்வுக்கூடத்து எலிகளோடு மல்லுக்கட்டிச் சலித்து, பக்கத்துச் சந்தில் ஒரு காலைச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்றாள். கல்லில் மாவை ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, சுருட்டி, துண்டுபோட்டுக் கொடுக்கும் வேலை. எலிகள் அவளிடம் இன்னொன்று கேட்டதே இல்லை. இங்கே எல்லாரும் கேட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டத்துக்குப் பதில் ஒரு பெட்டி நிறையக் கரண்டிகளோடு ஊருக்குத் திரும்பினாள்.

சார்வாள் திட்டவில்லை. பலகையை எடுத்துக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டார். அன்றிலிருந்து பெர்சிஸ் தன் டாக்டர் பட்டத்தைத் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டுத்தான் தினமும் குளிக்கிறாள்.

மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் மகாராஜா அண்ணாச்சியின் கட்டடத்தில் அவள் கடை போட்டாள். அண்ணாச்சி திசையன்விளைக்காரர், இரும்புச் சாமான் வியாபாரி. திறப்பு நாளன்று முதல் கிண்ணம் மரியாதைக்கு அவர் கையில் போனது. வினை அங்கேதான் ஆரம்பம்.

தைவானில் காலையில் சோயாப் பாலைச் சுடச்சுடக் கிண்ணத்தில் குடிப்பார்கள். இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. உப்பு என்றால் கிண்ணத்தின் அடியில் வினிகரும் வெங்காயத்தாளும் கிடக்கும். கொதிக்கிற பாலை மேலே ஊற்றியதும் கண்ணெதிரே கட்டிகட்டியாகத் திரியும். திரிந்தால்தான் பதம். பெர்சிஸுக்குக் கைவந்தது அதுதான், அதையே கொடுத்தாள். புதுக்கடையில் பால் பொங்கவேண்டிய நாளில், கட்டடக்காரர் மூக்குக்கு நேரே பால் திரிந்தது.

“திரிஞ்சு போச்சே,” என்றார் அண்ணாச்சி.

“திரியணும் அண்ணாச்சி.”

அவர் கிண்ணத்தைப் பைய மேசையில் வைத்தார். “பால் காய்க்கிற அன்னைக்குத் திரிஞ்ச பாலக் கைல குடுக்கியே, நீ எங்கன படிச்ச?”

“அந்தப் படிப்பத்தான் முடிக்கலையே.”

அந்த வாரமே திசையன்விளைத் தோட்டத்தில் அவருடைய மோட்டார் எரிந்தது. அடுத்த வாரம் கடைவாய்ப்பல் விழுந்தது. எல்லாம் திரிந்த பாலின் தலையில் ஏறியது. தினமும் காலையில் கடைக்குக் கிழக்குப்புறம் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, வருகிற ஆளையெல்லாம் மறித்தார். “உள்ள பால் திரியுது வே. பாத்துப் போரும்.”

“அண்ணாச்சி வாசல்ல நின்னா தாய்ப்பாலும் திரியும்,” என்று உள்ளேயிருந்து பெர்சிஸ் பதில் கொடுப்பாள். வந்தவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டு இட்லிக்குப் போய்விடுவார்கள்.

கடைசியில் அண்ணாச்சி கெடு வைத்தார். “வெள்ளிக்கிழம காலைல பால் காய்ச்சு. கெழக்க பொங்கணும். பொங்கலைன்னா சட்டிய முட்டியத் தூக்கிட்டுக் கெளம்பு.”

திரிந்த பால்காரி என்ற பெயரோடு போனால் ஊரில் வேறெவனும் கடை தரமாட்டான். அப்புறம் அவளுக்கு மிச்சம் அந்தத் தகர மூடிதான்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சலவை வேட்டியும் புதுச் செருப்புமாக வந்தார். சாட்சிக்குப் பக்கத்து டயர்க்கடை ரசீத்தையும் கூட்டி வந்திருந்தார். வாசலில் மேசைமேல் வைத்த அடுப்பில் பெரிய சட்டியில் பால் ஏறியிருந்தது. அண்ணாச்சி மோந்து பார்த்தார்.

“இது ஒம் பயத்தம் பாலுல்லா. பசும்பால் எங்க?”

“எங் கடைல இந்தப் பால்தான் காயும்.”

“பயற அரச்ச தண்ணியெல்லாம் பாலாட்டி?”

“அன்னைக்குத் திரிஞ்சதும் இதே பால்தான். அன்னைக்குப் பாலுன்னு சொன்னிய, இன்னைக்குத் தண்ணிங்கிய. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. தண்ணின்னா அன்னைக்கு ஒண்ணுமே திரியல.”

ரசீத் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான்.

“சரி, பாலுன்னே வச்சுக்க,” என்றார் அண்ணாச்சி. “பொங்கட்டும், பாப்போம்.”

சோயாப் பாலின் குணம் அவருக்குத் தெரியாது. பசும்பால் காய்ந்து, யோசித்து, அப்புறம் பொங்கும். இது கொதிக்கும் முன்பே நுரையாகக் கிளம்பித் திமிறும். அதை அடக்குவதற்காகவே தைவானில் விடிய விடியக் கிண்டிக்கொண்டு நின்றவள் பெர்சிஸ். அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அடுப்பின் மேற்குக் காலுக்கு அடியில் ஓர் ஓட்டுச்சில்லு ஒளிந்திருந்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

நுரை விளிம்புக்கு வந்தது, நிற்கவில்லை. கிழக்கே சரிந்து, தீயை அணைத்து, மேசையில் ஓடி, அண்ணாச்சி வழக்கமாக நிற்கும் இடத்தில் கொட்டியது. அவர் தன் வயசுக்கு ஒவ்வாத ஒரு குதி குதித்தார்.

“பொங்கிட்டு அண்ணாச்சி,” என்றான் ரசீத். “கெழக்கதான். ஒங்க செருப்பு வரைக்கும்.”

அண்ணாச்சி செருப்பை உதறினார். “திமிர் புடிச்ச பாலு. வளத்தவ மாதிரியே இருக்கு.” பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சீனி போட்டது ஒண்ணு குடு. திரிஞ்சுதோ, நாளைக்கே பூட்டு.”

மறுநாளும் ஸ்கூட்டர் அதே இடத்தில் நின்றது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். பெர்சிஸ் கல்லிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்பா. கடை திறந்து ஐந்து மாசத்தில் இந்தத் தெருப் பக்கமே தலைகாட்டாத மனுஷர்.

அண்ணாச்சி அவரையும் மறித்தார். “உள்ள போங்க சார்வாள். உப்புப் போட்டத மட்டும் கேக்காதிய, அது திரியும். சீனி போட்டதுன்னா சொகமா இருக்கும்.”

“திரிஞ்சது என்னய என்ன செய்யும் வே,” என்றார் சார்வாள். “நான் அதோடதான ஒரே வீட்டுல இருக்கேன்.”

உள்ளே வந்து உட்கார்ந்தார். “உப்புப் போட்டது.”

“புளிக்கும்.”

“புளிக்கட்டும்.”

பெர்சிஸ் ஊற்றினாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போலக் குனிந்து, பால் முழுக்கத் திரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

“தொட்டிக்கு வேற மூடி வாங்கணும்,” என்றார், கிண்ணத்துக்குள் பார்த்தபடியே. “அந்தத் தகரம் துரு ஏறுது.”

“ஏறுனா ஏறட்டும். நாந்தான தூக்குதேன்.”

“ஏட்டி, வாயப் பாக்காம கல்லப் பாரு. முட்ட கருகுது.”

முட்டை நிஜமாகவே கருகிக்கொண்டிருந்தது.