ஜிகினாப் பாம்பு

சூடேறிய சிம்னிக் கண்ணாடிக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் கருகிய பூச்சியும் கலந்த வாடை. அது எங்கேயாவது மூக்கில் ஏறினால் தலை தானாக நிமிரும். மேலே ஏதாவது சுற்றுகிறதா என்று கண் தேடும்.

ராஜபாளையத்தில் அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. எண்பதுகளில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போன இடத்தில் கைக்குழந்தையாக இருந்த தங்கச்சிக்கு ஒரு சாமான் வாங்கினார். ஜிகினாத் தாளைச் சுருளாக நறுக்கி நூலில் தொங்கவிட்ட "பாம்பு". தொட்டில் கட்டிய உத்தரத்திலேயே அதையும் கட்டினார். காற்றடித்தால் சுற்றும், அவள் கையைக் காலை உதறிச் சிரிப்பாள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு தங்கச்சி போய்விட்டாள். தொட்டிலை அவிழ்த்தவர்கள் பாம்பை மறந்துவிட்டார்கள். செத்த இடத்தில் விளக்கு வைப்பது பெரியவர்களுக்குத்தான், பால்குடிப் பிள்ளைக்கு அது கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. தொட்டில் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே சிம்னி விளக்கை ஏற்றி வைத்தாள். சற்று நேரத்தில் பாம்பு மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். அப்போதும் சுற்றியது.

"காத்து இல்லல்ல. பொறவு யாரு சுத்துறா?"

அதிலிருந்து அவள் அந்த அறையை விட்டு வரவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. சுவரில் பாம்பின் நிழல் ஊர்ந்துகொண்டே இருக்கும், நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன். அம்மாவும் போய்விடுவாள் என்று பயம்.

தலையெல்லாம் பஞ்சோடு மில்லிலிருந்து வந்த அப்பா சொல்லிப் பார்த்தார். "ஏட்டி, சூடான காத்து மேல ஏறுது, தாளைத் தள்ளுது. மில்லுல மிஷினுக்கு மேல பஞ்சு ஏறும். ஆறினா ஓரமா இறங்கும், திரும்ப ஏறும். அம்புட்டுதான்."

"இறங்கி வருதுல்ல?" என்றாள் அம்மா.

அப்பா தலைப் பஞ்சைத் தட்டிக்கொண்டே எழுந்து போனார்.

மில் லீவு அன்று காலையில் பாம்பை அவிழ்த்து, அடுப்புக்கு மேலே சட்டத்தில் கட்டினார். உலை வைத்துத் தீ மூட்டினார். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"பாரு. தீ எங்க இருக்கோ அங்க சுத்தும். அறையில யாரும் இல்ல."

பெரிய தீ. பாம்பு வேகமாகச் சுற்றியது. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"களவாணிக்குப் பசி வந்துட்டு. அதான் அடுப்பங்கரைக்கு வந்துட்டா."

சொல்லிவிட்டு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அப்பா உட்கார்ந்து விறகைத் தள்ளினார். அம்மா உலையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. நடுவில் மேலே வருகிற அரிசி, ஓரமாக இறங்கி, திரும்ப நடுவில் வரும். வெந்ததும் எனக்குப் போட்டாள். அவளும் சாப்பிட்டாள்.

புகையில் கறுத்த பாம்பு ஒருநாள் நூல் அறுந்து அடுப்பில் விழுந்தது. அம்மா விறகைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. உத்தரம் போட்ட அந்த வீடும் இல்லை. இப்போது எனக்குக் கேஸ் அடுப்பு, குக்கர். மூடி போட்டுவிட்டால் உள்ளே எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரிவதில்லை. திறக்கும்போது எல்லாம் அடங்கிக் கிடக்கிறது.