அரைகிராம் வீட்டுக் கீபோர்டு

கூரியர்காரர் வாசலில் கையெழுத்துக்காகக் காத்து நிற்க, 'அரைகிராம்' என்று ஊர் சொல்லும் மனிதர் பார்சலைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் ஒன்றேகால் கிலோ என்று போட்டிருக்கிறது. தராசும் அதையே சொல்கிறது. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்.

"சார், அடுத்த தெருவுக்குப் போகணும்."

"போலாம் இருங்க. அப்படி என்ன அவசரம்?"

அவசரப்படுகிறவர்களையும் அவர் நம்புவதில்லை.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம் அவருக்கு. அரை கிராம் கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் கடைத்தெரு வைத்த பெயர் அது. எதிரே வந்தால் 'சார்', முதுகு திரும்பினால் 'அரைகிராம்'. அவருக்கும் இது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

தவறு செய்யும் தராசுக்கு அவர் பையில் சிவப்பு அட்டை உண்டு. சாதனம், பிழை, எவ்வளவு காலமாக, உரிமையாளர், புகார்தாரர் கையொப்பம் என்று ஐந்து வரிகள். நிரப்பி, கம்பியால் கட்டி, ஈயத்தைக் குறடால் நசுக்கி முத்திரை வைத்துவிட்டால் அந்தத் தராசைப் பிறகு யாரும் தொடக்கூடாது. கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள். "கூட்டத்துல கை தவறிடுச்சு சார்." அதற்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். "கை தவறினா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எப்பவும் ஒரே இடத்துல தப்பு வந்தா அது கை இல்லய்யா, தராசு."

வீட்டுக்கு வந்தாலும் உத்தியோகம் சட்டையோடு கழன்று விடுவதில்லை. எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் ஐந்து கிலோ இரும்புக் கல்லை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஜுரம் வந்தால் இரண்டு தெர்மாமீட்டர். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடும், கைக்கடிகாரத்தைப் போனோடும் ஒத்துப் பார்த்துவிட்டு, மூன்றையும் சந்தேகத்தோடு ஒருமுறை பார்ப்பார். "என்னையும் ஒரு தடவை கல்லு வச்சுப் பாத்துடுங்களேன்" என்பாள் மனைவி.

பக்கத்து அறையில் அவள் பள்ளிச் சீருடை தைக்கிறாள். மெஷின் ஓடும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே இருப்பாள். கதவருகே அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் பாட்டு நின்றுவிடும், மெஷின் மட்டும் ஓடும்.

அதற்குக் காரணம் கீபோர்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், வீடு காலி செய்து போன யாரோ ஒருவரிடம் அதை வாங்கிவந்தார். புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். ஞாயிறு காலையில் அவர் வாசிக்க, அவள் பாட வேண்டும். அவளுக்கு நல்ல குரல். ஆனால் வரிக்கு ஒரு தரம் நிறுத்தினார். "மறுபடியும் கா சுரம் தப்பு! அந்த இடம் வந்தாலே நீ ஏறிடுற." அவள் இறக்கிப் பாடிப் பார்த்தாள், தனியாக உட்கார்ந்து சாதகம் செய்து பார்த்தாள். ஆறு மாதத்தில், "எனக்குக் காது சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனவள்தான்.

பார்சலை அனுப்பியவள் மகள். தூரதேசத்தில் இருக்கிறாள், எட்டாவது மாதம். அம்மா குரலில் ஒரு தாலாட்டு வேண்டுமாம். பார்சலில் வந்த மைக்கையும் பாட்டுப் பதியும் பெட்டியையும் பற்றிப் போனில் விளக்கினாள்.

"கீபோர்டு வயரை ஒரு ஓட்டையில சொருகுங்கப்பா, மைக்கை இன்னொண்ணுல. குரலுக்கு எதிரொலி, துணைக்குரல் எல்லாம் சேர்த்து அந்தப் பெட்டியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிடும்."

"குரலுக்குப் பவுடர் பூசுற பெட்டின்னு சொல்லு."

"அதை நீங்க சந்தேகப்படுவீங்கன்னு தெரியும். அது உங்களைச் சந்தேகப்படாது, பயப்படாம வைங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டின் பின்புறத்திலிருந்து ஒரு வயர், மைக்கிலிருந்து ஒரு வயர், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். எதிரொலி, துணைக்குரல் என்று இருந்த அத்தனை பொத்தான்களையும் முதல் வேலையாக அணைத்தார். பூச்சு இல்லாமல் சரக்கு எப்படி என்று பார்க்க வேண்டாமா? பெட்டியின் முகப்பில் ஒரு வரிசை விளக்கு இருந்தது. சுரம் சரியாக விழுந்தால் நடுவில் பச்சை, ஏறினால் வலப்பக்கம் சிவப்பு, இறங்கினால் இடப்பக்கம் சிவப்பு.

அவள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். "இந்த வயசுல எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்றாள். பேத்தியோ பேரனோ கேட்கப்போகிறது என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் வாசிக்கப் பாடினாள். பச்சை. பச்சை. பச்சை.

"நிறுத்து. கா ஏறிடுச்சு."

"தெரியும். நீங்க சொல்றதுக்குள்ள நானே நிறுத்திடணும்னுதான் பாத்தேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "அவளுக்கு வேற யாரையாவது வச்சுப் பதிஞ்சு அனுப்பிடுங்க." பக்கத்து அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தச் சொன்ன இடத்திலும் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. இந்தப் பெட்டி யாருக்குச் சாதகமாக வேலை பார்க்கிறது? மகள் ஏதாவது செய்து அனுப்பியிருப்பாளோ?

சந்தேகத் தராசில் நம்பகமான கல்லை வைத்துப் பார்ப்பதுதான் அவர் தொழில். அந்த வீட்டில் அவர் சோதிக்காமலே நம்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான். மைக்கைக் கழற்றிவிட்டுக் கீபோர்டின் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். ச, பச்சை. ரி, பச்சை. கா, இடப்பக்கம் சிவப்பு.

மறுபடி அழுத்தினார். சிவப்பு. வயரை மாற்றினார். சிவப்பு. மேல் ஸ்தாயி கா, கீழ் ஸ்தாயி கா, எல்லாம் சிவப்பு. பெட்டியின்மேல் பழி போட வழி தேடி, சுருதி பார்க்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதுவும் அதையே சொன்னது.

மகளைக் கூப்பிட்டார்.

"சில கீபோர்டுல ஒரு சுரத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி வச்சுக்கலாம்ப்பா. முன்னாடி வச்சிருந்தவங்க தங்களோட பாட்டுக்கு ஏத்த மாதிரி வச்சிருப்பாங்க. ஒரு பொத்தானை அழுத்தினா பழையபடி ஆயிடும்." பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "வாங்கும்போது நீங்க செக் பண்ணலையா?"

அவர் போனை வைத்தார். எப்பவும் ஒரே இடத்தில்! முப்பது வருடமாக ஊருக்குச் சொன்ன பாடம் தன் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே பாட்டுச் சத்தம் இல்லை.

மன்னிப்புக் கேட்பது அவருக்கு நாக்கில் வராத வேலை. பழையபடி ஆக்கும் பொத்தானை அவர் தேடவும் இல்லை. கீபோர்டு வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். மைக்கை மறுபடி சொருகி, தாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார். பிறகு அலுவலகப் பையைத் திறந்தார்.

குறடு ஈயத்தை நசுக்கும் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தபோது, கீபோர்டின் காலில் சிவப்பு அட்டை தொங்கியது. குனிந்து படித்தாள். சாதனம்: கீபோர்டு. பிழை: கா. எவ்வளவு காலமாக: பன்னிரண்டு வருடம். உரிமையாளர் என்ற இடத்தில் கணவனின் பெயர், தலைப்பெழுத்தோடு, முழுதாக.

கடைசி வரியான புகார்தாரர் கையொப்பம் மட்டும் காலியாக இருந்தது. அரைகிராம் பேனாவின் மூடியைக் கழற்றி, தலையை நிமிர்த்தாமல், அவள் பக்கம் நீட்டினார்.