ஏட்டையா வீட்டு சர்வர்

1. துண்டில் சுற்றி வந்தது

கொலைக் கேஸில் கைப்பற்றிய அரிவாளைக் கொண்டுவருவதுபோல, ஒரு ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏட்டையா என் கடைக்குள் வந்தார். வந்ததும் கவுண்டரில் சாய்ந்து நின்ற வாடிக்கையாளரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்" என்றார். அந்த மனிதர் தெருவுக்கே போய்விட்டார்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து எனக்குப் பல வருஷம் ஆகிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த போர்டு நல்லது, எந்த டிஸ்க் நல்லது என்று கேட்கிறார்கள். வீட்டுப் படம், வீடியோவைச் சேர்த்துவைத்து எந்நேரமும் ஓடும் வீட்டு சர்வர் பற்றிக் கேட்டால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

பெயர் கோமதிநாயகம். போலீஸில் ஏட்டாக இருந்து, எஸ்.எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஊருக்கு அவர் ஏட்டையாதான். குற்றாலத்தில் சொந்த வீடு. மனைவி இசக்கியம்மாள். ஒரே மகள் செண்பகம். பிறந்ததிலிருந்தே காது கேளாதவள். கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

"எம்மா மும்தாஜு, இது நேத்துலேருந்து டிக்கு டிக்குங்குது. உள்ள என் மக பேசுனது பூராவும் இருக்கு. ஒன்னு கொறையப்படாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். ஹாஸ்டலில் இருந்த காலத்தில் செண்பகம் கைமொழியில் பேசி, அதை வீடியோ எடுத்து வாரம் தவறாமல் அம்மாவுக்கு அனுப்புவாள். இசக்கியம்மாள் அக்கா மகளின் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கைமொழி கற்றுக்கொண்டவர். ஏட்டையாவுக்கு அந்த ஸ்டேஷன், இந்த ஸ்டேஷன் என்று மாற்றலிலேயே காலம் போய்விட்டது. 'வா', 'போ', 'சாப்பிடு', இந்த மூன்றைத் தாண்டி அவர் கை போகாது. ஆனால் வீடியோ ஒவ்வொன்றையும் வாங்கி இந்த ஒரே டிஸ்கில் ஏற்றிவைத்ததும் அவர்தான்.

இப்படி வரும் டிஸ்கைத் திறந்து பார்க்கவே கூடாது. முதலில் நல்ல டிஸ்க் ஒன்றில் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். படிக்க முடிந்ததை முதலில் வாங்கிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வர வேண்டும். இதைச் சொன்னதும் ஏட்டையா தலையாட்டினார்.

"வெளங்குது. முதல்ல சொல்லுதவன்கிட்ட கேட்டுக்கிடணும். சொல்லாதவன அப்புறம் கவனிச்சுக்கிடலாம்."

ஒரு சில வீடியோ நடுவில் அறுந்துபோனது. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

2. சாமான் விசாரணை

"இனி இது ஒரே இடத்துல இருக்கப்படாது. வீட்டுக்குன்னு ஒரு சர்வர் போட்டுக்குடு" என்றார் ஏட்டையா. ஆன்லைனில் போட்டுவைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அங்கன காவலுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ரெடிமேடாக இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியும் கிடைக்கும். நான் அசெம்பிள் செய்வதையே சொன்னேன். ரெடிமேடில் போர்டு போனால் அந்தக் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். அசெம்பிள் செய்தால் எந்தச் சாமான் போனாலும் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ வாங்கி மாற்றலாம்.

ஒவ்வொரு சாமானையும் ஏட்டையா குறுக்கு விசாரணை செய்தார். ப்ராசஸர் சின்னதாக இருக்கிறதே என்றார். வீடியோவை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இது போதும், கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும் என்றேன். ராம் எட்டு ஜி.பி., சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்எஸ்டி, வீடியோவுக்கு நாலு டி.பி. டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிகிற மாதிரி மிரர்.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விலை குறைந்த சில டிஸ்குகளில், கூரையில் ஓடு வேய்வதுபோலத் தடத்தின் மேல் தடம் ஏறிக்கொண்டு எழுதும். சும்மா சேமித்து வைக்க அது போதும். மிரரில் ஒரு டிஸ்க் போய்ப் புதிதைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுதும்போது அதற்கு மூச்சு வாங்கும். அதனால் இதற்கென்றே வருகிற டிஸ்காக, அதுவும் ஒன்றைத் திருநெல்வேலியிலும் மற்றதை மதுரையிலும் வாங்கினேன்.

"ஏன், ஒரே கடையில வாங்குனா என்ன?"

"ஒரே லாட்ல வந்தா ரெண்டும் ஒன்னுபோலப் போயிரும் ஏட்டையா."

"சரிதான். கூட்டாளிகள ஒரே செல்லுல போடப்படாது."

எல்லாச் சாமானுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றேன். சர்வர் செத்துக் கிடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். இதைக் கேட்டதும் அவருக்கு எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு கண். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சிய பாத்தாலே தெரியுது" என்றார்.

அசெம்பிள் செய்வது தன் கண் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று உத்தரவு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் கடை விரித்தேன். கேபினட்டில் போர்டைப் பொருத்தி, ராம் இரண்டு பக்கமும் 'டக்' என்று உட்காரும்வரை அமுக்கி, டிஸ்குகளுக்கு இடையில் காற்று போக ஒரு தட்டு இடைவெளி விட்டு மாட்டினேன். முன்பக்கம் ஒரு ஃபேன், தூசி வலையோடு. குற்றாலத்தில் மழையில்லாத நாளிலும் கரண்டு போகும் என்பதால் யுபிஎஸ். அதிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள். பேட்டரி குறைந்தால் சர்வர் தானாக ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது.

"இது எங்கன உள்ளது?" என்றார் ஏட்டையா.

"எக்ஸ்ட்ரா ஏட்டையா. எப்பவும் ஒன்னு மிஞ்சும்."

அவர் நம்பவில்லை. அந்த ஸ்க்ரூவைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

3. பீரோ

சீசன் தொடங்கி, சாரலில் துணி காயாத நாள். கோவையிலிருந்து செண்பகம் எனக்கு மெசேஜ் அனுப்பினாள். அவள் அங்கிருந்தே சர்வரைப் பார்க்கும்படி வைத்துக்கொடுத்திருந்தேன். 'அக்கா, சர்வர் காணவில்லை. அப்பா எதையாவது பூட்டியிருப்பார்.'

போய்ப் பார்த்தேன். சர்வரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். பின்பக்கம் துளை போட்டு கேபிள் இழுத்திருந்தார். சாரல் ஈரம் அண்டாமல் இருக்க உள்ளே ஒரு குண்டு பல்பு வேறு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. சர்வர் புத்தியுள்ளது. சூடு தாங்காமல் தானே அணைந்திருந்தது.

"மூச்சு முட்டும்னு நான் சொன்னம்லா, கேட்டாகளா?" என்றார் இசக்கியம்மாள் அக்கா.

"திருட்டுப் பயம்டி."

"பீரோவுல என் நகை இருந்தப்ப இந்தப் பயம் வரல."

ஹாலில் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் தள்ளி ஒரு தட்டு அடித்து அதில் வைத்தேன். "ஓடிக்கிட்டே இருந்தா அந்தச் சூட்டுக்கே ஈரம் அண்டாது ஏட்டையா" என்று சொன்னதும் பல்பை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். பூட்டு கையிலேயே இருந்தது. எதையாவது பூட்டாமல் அவருக்குக் கை சும்மா இருக்காது.

4. டி.வி.யில் போட்ட படம்

செண்பகத்துக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை மாரியப்பனும் காது கேளாதவர். மதுரையில் ஒரு ஒர்க்ஷாப்பில் டிங்கரிங் வேலை. இருவருக்கும் முன்பே பழக்கம். வீட்டார் முறையாகப் பேசி முடிப்பதுதான் பாக்கி.

அதற்கு முன்னதாக ஏட்டையா என்னைக் கூப்பிட்டு, சர்வரில் உள்ளது ஹால் டி.வி.யில் வருகிற மாதிரி செய்யச் சொன்னார். யார் யாருக்கு எது தெரியலாம் என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள என்னம்மா ரகசியம்? எல்லாத்தையும் தொறந்து விடு" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். நல்ல நாளில் டி.வி. மக்கர் செய்யக்கூடாதே என்று. செண்பகம் முந்தின நாளே கோவையிலிருந்து வந்திருந்தாள். மாரியப்பனும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாவுக்குக் காது கேட்கும், கைமொழியும் தெரியும். கேசரி, காபி ஆனதும் ஏட்டையா ரிமோட்டை எடுத்தார்.

"எங்க செண்பகம் பள்ளிக்கூடத்துல ப்ரைஸ் வாங்குனத சொல்லுதா, பாருங்க."

திரையில் சீருடையில் பதினாறு வயது செண்பகம். கை படபடவென்று பேசியது. மாரியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தவர் வெடித்துச் சிரித்தார். அவருடைய அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இசக்கியம்மாள் அக்கா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, என்ன சொல்லுதா?" என்றார் ஏட்டையா, சிரிப்பில் தானும் கலந்துகொண்டு.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்குக் கல்யாணமே வேண்டாம்ங்கா. அப்பா மாதிரி ஒருத்தன் வந்துட்டா வீட்ட ஸ்டேஷன் ஆக்கிருவான். காபி குடிக்கக்கூட சாட்சி கேப்பாங்கா."

செண்பகத்துக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. அத்தோடு நின்றிருந்தால் அது நல்ல கதையாகப் போயிருக்கும். ஆனால் டி.வி. தானாக அடுத்த வீடியோவுக்குத் தாவியது. அதில் அவள் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டே பேசினாள். எனக்குக் கைமொழி தெரியாது. ஆனாலும் அது ஒரு பெண் தன் அம்மாவிடம் மட்டும் சொல்லுகிற பேச்சு என்பது தெரிந்தது. செண்பகம் வெளிறிப்போனாள். ஏட்டையா ரிமோட்டில் கண்டதை அமுக்கினார். சத்தம் கூடியதே தவிரப் படம் நிற்கவில்லை.

நான் எழுந்து போய் ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை உருவினேன். திரை கறுத்தது. திரும்பிப் பார்த்தால், மாரியப்பன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர் பேச்சு காதில் விழக்கூடாது என்றால் நாம் எழுந்து போவோம், இல்லை காதைப் பொத்துவோம். அவர் கண்ணை மூடியிருந்தார். அம்மா தோளைத் தொட்டபிறகுதான் திறந்தார். செண்பகம் அதைப் பார்த்தாள். அந்தச் சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பூ வைத்ததெல்லாம் பிறகு நடந்த சடங்கு.

5. யாருடையது

வந்தவர்கள் போனபின் செண்பகம் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். அவள் கை பேசியதை அக்கா வாய்விட்டுச் சொன்னார்.

"அது படம் இல்ல. நான் அம்மாட்ட பேசுன பேச்சு. அத ஊர்க்காரங்களுக்கு ஏன் போட்டீக?"

"எனக்கு வெளங்கலையேம்மா. வெளங்கியிருந்தா போட்டிருப்பேனா?"

"வெளங்கலன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்லா? இத்தன வருசத்துல ஒருநாள் கேட்டீகளா?"

எவ்வளவோ பேரை விசாரித்த மனிதர். ரிமோட்டை மகள் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனைகிறோம் என்று கூடத் தெரியாமல் நின்றார். அக்காதான் போய்க் குடையைப் பிடித்தார்.

அன்றே செண்பகம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கினாள். மூன்று பேருக்கும் தனித்தனி லாகின். பழைய வீடியோ எல்லாம் அவளுடைய ஃபோல்டர். அம்மாவுக்கு அனுமதி உண்டு. செண்பகத்தின் பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு பிரதியை எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஏற்றிக் கோவைக்கு எடுத்துப்போனாள். அது அவசியம். மிரர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். வீட்டில் இடி விழுந்தால் இரண்டும் போகும்.

ஏட்டையாவுக்கு 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர் போட்டோம். திறந்தால் காலி.

கொஞ்ச நாள் கழித்து ஏட்டையா ஃபோன் செய்தார். "என் ஃபோல்டர்ல ஏதோ வந்து கெடக்கு, வா." போனேன். செண்பகம் புதிதாக எடுத்துப் போட்டிருந்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுபோல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: அம்மா. அப்பா. மழை. வேலை. சாப்பிட்டாயா. அடுத்த வாரம் இன்னும் சில. ஏட்டையா டி.வி. முன்னால் நின்று, ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திப் பழகினார். அக்கா பக்கத்தில் நின்று விரலைப் பிடித்துத் திருத்தினார். "கையில லத்தி இல்ல, கொஞ்சம் தளர்த்துங்க."

கல்யாணத்துக்கு முந்தின மாதம், பதில் வீடியோ எடுத்து ஏற்ற என்னைக் கூப்பிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. சுவரோரம் அட்டென்ஷனில் நின்றார். நான் ஃபோனைப் பிடித்தேன். வேர்த்து வழிய, நாலு வாக்கியம் கையால் பேசி முடித்தார். முடித்ததும் என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்துவிட்டார். அதையும் சேர்த்தே ஏற்றினேன்.

நான் காபி குடித்து முடிப்பதற்குள் செண்பகத்தின் பதில் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர். ஏட்டையா கையை உயர்த்தி அக்காவைத் தடுத்தார். "நீ சொல்லாத. நான் பாக்கேன்."

மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சாப்ட்டேங்கா. நல்லா இருக்கேங்கா. அப்புறம்... குற்றாலத்துல எருமை பெய்யுதுன்னு சொல்லுதீகளே, அது என்னப்பாங்கா."

அக்கா சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டையா சிரிக்கவில்லை. மழைக்குக் கை எப்படி விழ வேண்டும் என்று இன்னொரு முறை பார்க்க, ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். எத்தனை டி.பி., எந்த போர்டு என்பதெல்லாம் நாம் முடிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்கு சர்வர் போடப் போனால் முதலில் அந்த வீட்டு ஆட்களிடம், இதில் இருக்கப்போவது யாருடைய பேச்சு என்று கேளுங்கள். ஸ்க்ரூட்ரைவரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.